பாதி உள்ளே, பாதி வெளியே

கிழக்கு ஆஸ்பத்திரியும் மேற்கு ஆஸ்பத்திரியும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு சாலை, நாற்பது அடி. அந்த நாற்பது அடியைக் கண்டக்டரம்மாவின் வீட்டுக்காரர் காலையிலிருந்து மூன்று தடவை ஆம்புலன்ஸில் கடந்துவிட்டார்.

இரண்டு வாசலிலும் ஒரே மாதிரிப் பலகை. “எங்கள் மருத்துவமனையில் கொரோனா மரணம்: 0.” கீழே நாள் கணக்கு மட்டும் வேறு. கிழக்கில் நாற்பத்தொன்று, மேற்கில் முப்பத்தெட்டு.

“இவருக்கு ஆக்ஸிஜன் எண்பத்துநாலும்மா,” என்றார் கிழக்கு ஆஸ்பத்திரிக் குமாஸ்தா, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து. “மேல் சிகிச்சைக்கு எதிர்ல எழுதித் தரேன்.”

“எதிர்லேருந்துதான் வரோம். அவங்க மேல் சிகிச்சைக்கு இங்க எழுதிக் கொடுத்திருக்காங்க.”

“அப்ப ரெண்டு பேரும் மேலதானே அனுப்பறோம்? நல்லதுதானே.”

“இப்படி மேல மேல அனுப்பினா எங்க போய்ச் சேருவாருன்னு எனக்குத் தெரியாதா? பெட் இல்லையா உங்ககிட்ட?”

“இல்லாம என்ன? பதினேழு காலியா கிடக்கு. அது காலியா இருக்கறதாலதாம்மா பலகை அப்படியே இருக்கு.”

ஆம்புலன்ஸ்காரர் ஓடி வந்தார். “அக்கா, சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துருச்சு. அரை மணி நேரம் தாங்கும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை.”

கண்டக்டரம்மா நகரவில்லை. பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் எத்தனையோ பேரோடு மல்லுக்கட்டியவள். “ஒரு சந்தேகம் சார். ஒருத்தர் உயிர் போச்சுன்னா அது யார் கணக்கு?”

“காம்பவுண்டுக்குள்ள போனா எங்க கணக்கு. எதிர்ல போனா அவங்க கணக்கு.”

“நடுவுல போனா?”

“அது சாலைம்மா. சாலைக்கு ஏது பலகை?”

அவள் வெளியே வந்தாள். வண்டிக்குள் அவர் கண்மூடிப் படுத்திருந்தார். அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் அவள் டிக்கெட் கிழித்தாள். அந்தப் பஸ்ஸில்தான் கல்யாணமும் முடிவானது. வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத மனிதர், விசிலுக்குத் திரும்புவார்.

“தம்பி, வண்டியை எடுங்க.”

“எதிர்லயாக்கா? நாலாவது தடவையா?”

“இல்லை, இதே கேட்டுக்குள்ள. நான் சொல்ற இடத்துல நிறுத்துங்க.”

மாஸ்க்கை இறக்கி, பையிலிருந்து விசிலை எடுத்தாள். இரண்டு விசில்: வண்டி நகர்ந்தது. முன்சக்கரம் கேட்டின் இரும்புத் தண்டவாளத்தைத் தாண்டிப் பாதி வண்டி உள்ளே போனதும் ஒரே ஒரு நீள விசில். வண்டி நின்றது. ஸ்ட்ரெச்சரில், போர்வைக்கு அடியில், அவருடைய வலது கால் மெல்ல பிரேக்கை அழுத்தியது.

“பார்த்தீங்களா தம்பி? மனுஷன் இன்னும் டியூட்டியிலதான் இருக்காரு. சாவியைக் கொடுங்க.”

சாவி அவள் தோல்பைக்குள் போனது. கேட்டை மூட முடியாமல் வாட்ச்மேன் கத்தினார். பத்து நிமிஷத்தில், தலை முதல் கால் வரை பாதுகாப்பு உடையில் கண்காணிப்பாளரே வந்தார். பின்னால் குமாஸ்தா.

“ஏம்மா, வண்டியைப் பின்னாடி எடுக்கச் சொல்லுங்க.”

“இதுதான் சார் கடைசி ஸ்டாப். இதுக்கு மேல வண்டி போகாது.”

“நோயாளி உள்ள இருக்காரா, வெளியில இருக்காரா?”

“தலை உள்ள சார், கால் வெளியில,” என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

கண்காணிப்பாளர் குமாஸ்தாவைப் பார்த்தார். “விதி என்னய்யா சொல்லுது?”

“விதியில தலைன்னும் இல்லை, காலுன்னும் இல்லை சார்.”

“மூக்கை வச்சுப் பாருய்யா. மூச்சு அங்கதானே நிக்கும்?”

டேப் வந்தது. தண்டவாளத்திலிருந்து மூக்கு வரை அளந்தார்கள். இரண்டே முக்கால் அடி உள்ளே. எதிர் வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மேற்குக் கண்காணிப்பாளர் கை தட்டினார்.

“உங்க ஆளுதான் சார்! நல்லாப் பார்த்துக்குங்க!”

“சிலிண்டர்ல எவ்வளவு நேரம் இருக்கு?” என்று கிழக்குக் கண்காணிப்பாளர் ஆம்புலன்ஸ்காரரைக் கேட்டார்.

“பத்து நிமிஷம் சார். இவர் பெருமூச்சு விட்டா அதுவும் இல்லை.”

“ஐம்பதாவது நாள் விழாவுக்கு மந்திரி தேதி கொடுத்துட்டாரு சார்,” என்று குமாஸ்தா காதோடு சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

கண்காணிப்பாளர் பலகையைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். “என்ன பார்த்துட்டு நிக்கறீங்க? ஸ்ட்ரெச்சரை இறக்குங்க! பதினேழுல எது நல்ல பெட்டோ அதுல போடுங்க! இந்த ஆள் சாகக் கூடாது, சொல்லிட்டேன்!”

“அதைத்தான் சார் நானும் காலையிலேருந்து சொல்லிட்டிருக்கேன்,” என்றாள் கண்டக்டரம்மா.

பன்னிரண்டு நாள். ராஜாவைக்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். மணிக்கொரு டாக்டர் வந்து, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அவள் வாசலோரம் தினமும் காத்திருந்தாள். இரண்டாம் நாள் கொத்தனார்கள் வந்து கிழக்கு கேட்டைப் பெயர்த்து இருபது அடி உள்ளே தள்ளி நட்டார்கள். விஷயம் தெரிந்ததும் மேற்கு ஆஸ்பத்திரி தன் கேட்டை முப்பது அடி தள்ளியது. நாற்பது அடி இடைவெளி தொண்ணூறு அடி ஆயிற்று. அதில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன.

பதின்மூன்றாம் நாள் காலை, அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பூங்கொத்தோடு கண்காணிப்பாளர், பக்கத்தில் போட்டோக்காரர்.

“ஐயா, கொஞ்சம் சிரிங்க. அம்மா, நீங்களும் வந்து நில்லுங்க.”

பாதியாக இளைத்திருந்த மனிதர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். “இது எந்த ஸ்டாப்பு?”

“நம்ம ஸ்டாப்புதான். இறங்கிட்டீங்க. ஒரு நிமிஷம் இருங்க, வரேன்.”

கேட்டுக்கு வெளியே, ஒரு ஆம்புலன்ஸ் பக்கத்தில், கையில் சீட்டோடு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

“எதிர்ல போகச் சொல்றாங்கக்கா. எதிர்லேருந்துதான் வந்தேன்.”

“உள்ள யாரும்மா?”

“எங்கப்பா.”

“தலை எந்தப் பக்கம்?”

“முன்னாடி. ஏங்க்கா?”

கண்டக்டரம்மா மாஸ்க்கை இறக்கினாள். புதுத் தண்டவாளத்தை ஒருமுறை கண்ணால் அளந்துகொண்டு, டிரைவருக்குக் கை காட்டினாள். இரண்டு விசில்.

பூங்கொத்துக்குப் பின்னால், அவருடைய வலது கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதித்தது.