மஞ்சள் வைத்த காலர்

சுங்கை லாலாங்கில் பழைய துணி பிரிக்கும் கிடங்கில் நவமணிக்குத் தரம் பார்க்கும் மேசையில் வேலை. உலகத்தில் பாதிப் பேர் உடுத்திச் சலித்ததெல்லாம் அந்த மேசைக்குத்தான் வந்து சேருகிறதோ என்று தோன்றும். விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காத சட்டைகள் வரும். யார் வீட்டுக் காசோ. நல்லது ஒரு பக்கம், பழந்துணி விற்கும் பண்டல் கடைக்கு. கறை பட்டது மறுபக்கம், வெட்டு மெஷினுக்கு. அங்கே அது பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் துணியாகிவிடும்.

இரண்டு வாரமாக அவள் கண் ஒரே ஒரு சட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மகள் ரூபினி அலமாரியைக் காலி செய்து, காய்கறிப் பாசார் பக்கத்துப் பழந்துணி சேகரிக்கும் பெட்டியில் போட்டுவிட்டாள்.

"யாரும் போடாத சட்டைதானம்மா. காலர்ல மஞ்சக் கறை வேற."

அது கறையில்லை. தம்பி காளிதாசனின் கடைசித் தீபாவளிக்கு, உடுத்துமுன் நவமணி தன் விரலால் வைத்த மஞ்சள். செர்டாங் தோட்டத்து லய வீட்டில் இருந்தபோது அப்பா ஒரே துணியை மொத்தமாக எடுத்து வருவார். அந்த வருடம் நீலப் பூ. தம்பிக்குச் சட்டை, அவளுக்குப் பாவாடை, மிச்சத்தில் தலையணை உறை. "பேண்டு கோஷ்டி கெளம்பிருச்சு லா," என்று காளிதாசன் லயத்தையே சிரிக்க வைப்பான். சட்டையின் மேல் பொத்தானை மட்டும் போடவே மாட்டான். அவள் போட்டுவிட, அவன் கழற்ற, அதிலேயே பாதிக் காலை போய்விடும். அடுத்த வாரம் மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. அந்தச் சட்டையை அவள் துவைக்கவே இல்லை.

பெட்டித் துணியெல்லாம் தன் கிடங்குக்குத்தான் வரும் என்பதால், மகளைத் திட்டாமல் காத்திருந்தாள்.

அன்று மதியம் ஒரு கறுப்புப் பையைக் கொட்டினாள். சுருண்டு கிடந்த துணியில் கண் மஞ்சளை மட்டும் பார்த்தது. பழகிய கை, அவளைக் கேட்காமலே வெட்டுக் கூடையில் வீசிவிட்டது. அடுத்த பையை அவிழ்க்கும்போதுதான் நீலப் பூ நினைவில் உறைத்தது. திரும்பினாள். கூடையைக் காணவில்லை.

"நிறுத்து தம்பி," என்று ஓடினாள். மெஷின் ஓட்டும் அர்ஷத் நிறுத்தினான். நீலப் பூ துண்டு துண்டாகக் கிடந்தது.

"வெட்டிட்டேனே அக்கா. முன்னாடியே சொல்லிருக்கலாம் லா."

"என் கைதான் தம்பி போட்டுச்சு. என் தம்பி சட்டை."

இன்னொரு முறை அவனைத் தானே வழியனுப்பிவிட்டதுபோல இருந்தது. அர்ஷத் மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்த்தான்.

"இருங்கக்கா. காலர் எண்ணெய உறிஞ்சாது. அத மொதல்லயே வெட்டிக் கீழ போட்ருவோம்."

இருவரும் குனிந்து, மெஷினடியில் குவிந்திருந்த காலர்களைக் கிளறினார்கள். கிடைத்தது. மஞ்சள் அப்படியே இருந்தது. மேல் பொத்தானும் இருந்தது.

நவமணி அதை மடியில் விரித்துப் பொத்தானைப் போட்டாள். பிறகு, அவனுக்குப் பிடிக்காதே என்று கழற்றிவிட்டாள்.