பலகை மார்பு

“மூச்சை இழுத்துப் பிடிக்காதே. அளவு தப்பும்.”

“வந்தாத்தானேக்கா பிடிக்கிறதுக்கு.”

தம்பி சிரித்தான். ஒரே ஒரு மாடி ஏறி வந்தவன், அக்காவின் தையல் மெஷின் மேல் கையை ஊன்றி இன்னும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தான்.

அவன் மார்பின் நடுவே எலும்பு உள்வாங்கிக் குழிந்திருந்தது. பிறவிக்குழி, அவன் வளர வளர அதுவும் வளர்ந்தது. பள்ளியில் பையன்கள் அதில் தண்ணீர் ஊற்றி, ‘கிண்ணம்’ என்று பட்டம் கட்டினார்கள். அன்று அழுதுகொண்டே வந்தவனுக்குத்தான் அக்கா முதன்முதலாகப் பனியனுக்குள் பஞ்சு வைத்துத் தைத்தாள். அதற்குப் பிறகு ஊர்க்கண்ணுக்கு அவன் நல்ல வாட்டசாட்டமான ஆள்.

போன வருஷத்துப் பஞ்சுத் திண்டை இப்போது வைத்துப் பார்த்தாள். அது குழிக்குள் இறங்கிப் போனது. ஒரு வருஷத்தில் குழி அவ்வளவு ஆழமாகியிருந்தது.

“டாக்டர் என்ன சொன்னார்? மழுப்பாமச் சொல்லு.”

“எலும்பு இதயத்தை அமுக்கி ஒரு பக்கமாத் தள்ளியிருக்காம். நுரையீரலுக்கும் இடம் பத்தலையாம். உள்ளே கம்பி வச்சு நிமிர்த்தணுமாம். அதுவரைக்கும் உயரம் ஏறாதேன்னார். ஒரு தடவை மயங்கி விழுந்ததுக்கு இவ்வளவு கதை!”

“நாளைக்கு ஆலைப் புகைபோக்கி மேல பெயின்ட் அடிக்க ஏறணும்னியே?”

“ஏறலைன்னா ஏன்னு கேட்பாங்க. மறுபடியும் என்னைக் கிண்ணம் ஆகச் சொல்றியா? இன்னொரு அடுக்கு வச்சுக் கொடு, போதும்.”

படியில் கனத்த காலடி கேட்டது. அவன் அவசர அவசரமாகப் பழைய பஞ்சுப் பனியனையும் சட்டையையும் மாட்டிக்கொண்டான். பெயின்டர்களின் மேஸ்திரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“இங்கேதான் இருக்கியா? தங்கச்சி, நாளைக்குப் புகைபோக்கி உச்சிக்கு உங்க தம்பியைத்தான் ஏத்துறேன். மத்தவனுங்க எல்லாம் ஊதினா பறக்கிற பயலுங்க. இவனைப் பாருங்க, மார்பு பலகை மாதிரி! அதைப் பார்த்துத்தான் முடிவே பண்ணினேன்.”

அவர் மெச்சியது அக்காவின் தையலை. தம்பியை உச்சிக்கு அனுப்புவதும் அதேதான்.

தம்பி கண்ணாலேயே கெஞ்சினான். அவன் இடது அக்குளை ஒட்டிச் சட்டைத்துணி படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதைக் கவனிக்கவில்லை.

அவள் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“அண்ணே, கொஞ்சம் கிட்ட வாங்க. உங்க கையை இவன் நடுநெஞ்சுல வச்சு அழுத்திப் பாருங்க.”