சுருளில் ஏறிய வரி

அந்தியோகியாவில் தோல் கடைக்காரர்கள் தெரு முற்றத்தில் அன்று நிற்க இடமில்லை. மூலையில் நின்றவன் சோசிமஸ். வேதச் சுருள்களைப் பிரதியெடுத்துப் பிழைப்பவன். கிறிஸ்துவின் சபையில் சேர்ந்து பத்து வருடம்.

நடுவில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் சபையின் போதகர் ஹெர்மியாஸ். மற்றவர் எல்கானா, யூதர்களின் ஜெபக்கூடத்தில் முப்பது வருடமாக வேதம் வாசிப்பவர்.

"மரத்துல தொங்கினவரே ராஜாவாவார்னு தீர்க்கதரிசி அன்னைக்கே எழுதிட்டாரு! இயேசுவைத் தவிர வேற யாராம்?" என்றார் ஹெர்மியாஸ்.

"யோவ், முழுச் சுருளும் எனக்கு மனப்பாடம். அப்படி ஒரு வரியே கிடையாது," என்றார் எல்கானா. "இருந்தா இன்னையோட வாசிக்கிறதையே விட்டுடறேன். நம்ம ஜெபக்கூடத்துச் சுருளைக் கொண்டு வாங்கப்பா!"

சபையில் சேர்ந்த புதிதில், வேதத்தில் ஆண்டவர் இயேசு தென்படாத இடமே இருக்கக்கூடாது என்ற வெறியில், அந்த வரியைச் சொருகியவனே சோசிமஸ்தான். பாவி, ஒன்றோடு நிறுத்தினானா? அதே வரியோடு பிரதிமேல் பிரதி எழுதிச் சந்தையில் விற்றான். போன கோடையில் ஜெபக்கூடம் தீப்பிடித்துப் பழைய சுருள்கள் சாம்பலானதும், அவர்கள் அவசரமாகச் சந்தையில்தான் வாங்கினார்கள். கடவுளே, தான் எழுதியதாக மட்டும் இருக்கக்கூடாது.

சுருளைப் பிரித்தார்கள். அவனுடைய கையெழுத்தேதான்.

மனப்பாடக்காரரான எல்கானா அந்தப் புதுச் சுருளை அதுவரை உற்றுப் பார்த்ததே இல்லை. விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனார். விரல் நின்றது.

"இருக்கு," என்றார். "முப்பது வருஷமா நான்தான் தப்பா சொல்லிட்டிருந்தேன் போல."

"அப்போ வேதம் வாசிக்கிற நாற்காலியைக் காலி பண்ணுங்க தாத்தா!" என்று யாரோ கத்த, முற்றமே சிரித்தது.

சோசிமஸுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நடுவுக்கு ஓடினான்.

"பெரியவரே, உங்க மேல தப்பே இல்லை! அந்த வரியை நான்தான் சேர்த்தேன். இதோ, இந்தக் கையாலதான்!"

ஹெர்மியாஸின் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான்.

"கேட்டீங்களா? தீர்க்கதரிசி சொல்லி, தொலைஞ்சுபோன வார்த்தை! பரிசுத்த ஆவியானவரே இவன் கையைப் பிடிச்சுத் திரும்ப எழுத வெச்சிருக்காரு! அதுவும் அவங்க சுருள்லயே!"

"ஐயோ, இல்லீங்க, நானாத்தான்..."

யார் கேட்டார்கள்? அல்லேலூயா சத்தம் காதைப் பிளந்தது. மை படிந்த அவன் விரல்களை ஆளாளுக்கு இழுத்து முத்தமிட்டார்கள்.

எல்கானா சுருளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் அருகில் வந்தார்.

"நான் உன்னை நம்பறேன்பா. இனிமே வேற யாரும் நம்ப மாட்டாங்க. இதே வரியோட இன்னும் எத்தனை எழுதி வித்தே?"

சோசிமஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். எபேசுவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் ரோமுக்கும் கப்பலேறிப் போனவை எத்தனை என்று அவனுக்கே தெரியவில்லை.