யானைப் படமும் ஏலத்தோட்டத்து ஜீப்பும்

தேனி அல்லிநகரத்தில் கஸ்தூரியம்மாள் குடியிருந்த தெருவில் பக்கத்து வீட்டுத் தேவயானியின் போட்டோ ஆல்பத்தைப் பார்க்காமல் தப்பித்த ஜீவன் கிடையாது. பால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், வழி தவறி வந்த ஆடு எல்லாம் பார்த்தாயிற்று. ஊட்டியில் தேவயானி, மைசூரில் தேவயானி. டெலிபோன் ஆபீஸில் காலமெல்லாம் ஊர் ஊராக இணைப்புக் கொடுத்து ஓய்வுபெற்ற கஸ்தூரியம்மாளுக்கோ உலகம் வைகை அணையோடு முடிந்திருந்தது.

அதனால்தான் அந்த இரண்டாயிரத்து இரண்டாம் வருஷ ஐப்பசியில் தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்: "தேக்கடியில யானையோட போட்டோ புடிக்காம வீட்டுப் படி ஏற மாட்டேன்."

ராஜமணி நடத்திய ஒருநாள் சுற்றுலா அது; கேமராவோடு தேவயானியும் வந்தாள். வேன் கம்பம் வரைக்கும்; அதற்கு மேல் மலைக்கு ஜீப். ராஜமணியின் கழுத்தில் ஒரு விசில். அவர் ஊதினால் கேரளாவில் காக்கை பறக்கும்.

கம்பத்தில் விடிந்தும் விடியாமல் டீ. கஸ்தூரியம்மாள் பாதி டம்ளரில் இருக்கும்போது ஜீப் ஹாரன் அடித்தது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஹாரன் கேட்டால் மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். முதலில் பையை எறிந்து இடம் பிடிப்பது, பிறகு ஏறுவது, ஊர் தாண்டியபின் எங்கே போகிறது என்று கேட்பது. அவளும் அப்படியே செய்தாள். ஒரு ஜீப்புக்குள் ஒரு கல்யாணக் கூட்டமே இருந்தது.

முதல் கொண்டை ஊசி வளைவில் கேட்டாள்: "யானை எப்ப வரும்?"

மடியில் தூக்குவாளியோடு நசுங்கிக்கொண்டிருந்த கருத்தம்மாள் திரும்பினாள். "யானையா? நாங்க ஏலக்காய் எடுக்கப் போறோம் ஆத்தா! நீக எந்த எஸ்டேட்டு?"

ஜீப் குலுங்கியது, பள்ளத்தால் அல்ல, சிரிப்பால். ஜீப் சாயங்காலம்தான் இறங்கும். கேமராவோ தேவயானியின் பையில். கஸ்தூரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தெருவில் எந்த முகத்தோடு நடப்பது?

"அழுகாதீக. சும்மா உக்காந்தா குளுரும்" என்று தோட்டத்தில் இறங்கியதும் கருத்தம்மாள் அவள் இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டிவிட்டாள்.

ஏலச்செடியின் காலடியில் குந்தி உட்கார்ந்து காய் பறித்தாள். பழுத்ததை விட்டுப் பிஞ்சைப் பறித்துத் திட்டு வாங்கினாள். காலில் ஏறிய அட்டையைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் எதிர்மலையில் வேலை நின்றது. மூடுபனியில் பால் விடாத கட்டன் சாயா குடித்தாள். அவித்த மரவள்ளிக் கப்பக்கிழங்கை ஆறு பேர் தூக்குவாளியிலிருந்தும் பிடுங்கித் தின்றாள். மத்தியானத்துக்குள் கருத்தம்மாளின் மாமியார் சண்டை முழுவதும் அவளுக்கு அத்துப்படி, தீர்ப்பும் சொல்லிவிட்டாள். யானையை ஒருதரம்கூட நினைக்கவில்லை.

சாயங்காலம் கம்பத்தில் ஜீப் நின்றபோது எதிரே சுற்றுலா வேன். காணாமல்போனவளைத் தேடித் தொண்டை வறண்ட ராஜமணி ஓடிவந்தார். பின்னால் தேவயானி, தலை கலைந்து, வாந்தி எடுத்து வெளுத்த முகத்தோடு.

"எங்கன போனீக மதினி? உசுரே போச்சு!"

"அது கெடக்கட்டும். யானை பாத்தியா?"

"பாத்தேன். கடுகு மாதிரி தெரிஞ்சுச்சு. அதையும் முழுசாப் பாக்கவிடாம இந்த ஆளு விசில ஊதிட்டாரு." தேவயானி மூக்கை உறிஞ்சினாள். "உங்க மேல என்ன இம்புட்டு வாசம்?"

அதற்குள் கருத்தம்மாள் கஸ்தூரியம்மாளின் கையைப் பிடித்திழுத்தாள். "வீட்டுல கருவாட்டுக் கொழம்பு. சாப்பிட்டுத்தான் போகணும்."

விசில். "வேன் கெளம்புது! ஏறுங்கம்மா!"

"போட்டோ இல்லாம தெருவுல என்னத்தக் காட்டுவீக?" என்றாள் தேவயானி.

கஸ்தூரியம்மாள் கருத்தம்மாளின் தோளில் கை போட்டாள். "ஞாயித்துக்கிழமை இவளையே கூட்டிட்டு வாரேன். ஆல்பத்துல இருக்கவுக பேசவா போறாக? இவ பேச ஆரம்பிச்சா தெருவே தூங்காது. நீங்க போங்க தம்பி, தேனிக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்?"

வேன் புறப்பட்டது. ராஜமணி தலைகளை எண்ணிப் பார்த்தார். கஸ்தூரியம்மாளைக் கழித்தும் மறுபடியும் ஒன்று குறைந்தது.

தேவயானி, கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு, குழம்பு வாசனையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.