அந்துருண்டை நெடி

தையலக்காவுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தம்பிக்குக் கல்யாணமான வருடமே, தன் தையல் கடையில் வெட்டி மிஞ்சிய மெல்லிய பருத்தித் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டை தைத்து வைத்துவிட்டாள். தம்பி மனைவிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இவள் தைப்பதை நிறுத்தவில்லை. ஏழு வருடத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிறைந்துவிட்டது. பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை போட்டு மூடுவாள்.

"உன் பெட்டியத் திறந்தா எலிகூட மயங்கி விழும்க்கா" என்று லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி கிண்டலடிப்பான்.

எட்டாம் வருடம் ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் தையலக்கா பெட்டியைத் திறந்தாள். துவைத்துக் காயப்போடும் வரைக்கும் அவளுக்குப் பொறுமை இல்லை. சட்டை போட்டு, பெட்டியிலேயே இருந்த போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே விடாத மழை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"கொஞ்சம் நெடியா இருக்கே அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"நல்லதுதாம்மா. பூச்சி பொட்டு அண்டாது."

ஐந்தாம் நாள் காலையில் குழந்தையின் கண்வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. பிறந்த பிள்ளைக்கு இது சகஜம் என்று விட்டுவிட்டார்கள். மதியத்துக்குள் மஞ்சள் உள்ளங்கால்வரை இறங்கிவிட்டது. மூத்திரம் பால் சேர்க்காத டீ நிறத்தில் போனது. பாலுக்கு எழுப்பினால் எழவில்லை. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ரத்தம் உள்ளுக்குள்ளயே உடையுது. ஏதாவது மருந்து குடுத்தீங்களா? வீட்டுல பூச்சி மருந்து, அந்துருண்டை, அந்த மாதிரி?"

"அதெல்லாம் எதுவும் இல்லைங்க" என்றான் தம்பி. பதற்றத்தில் அவனுக்குத் தன் பெயரே மறந்திருக்கும்.

தையலக்காவுக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் தம்பி மனைவியின் முகம் தெரிந்தது. எடுத்த வாய் மூடிக்கொண்டது. வாய்க்குள்ளா ஊட்டினோம், துணியில் இருந்ததுதானே, அது என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

குழந்தையை உடை களைந்து நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். நடுவில் பால் புகட்ட எடுத்தபோது நர்ஸ், "போத்தத் துணி இருக்கா?" என்று கேட்டாள். தையலக்கா பையிலிருந்த போர்வையையே எடுத்துக் கொடுத்தாள். வார்டு முழுக்க பினாயில் வாடை. அதில் இந்த நெடி யார் மூக்குக்கும் எட்டவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த சீட்டு வந்தது. மஞ்சள் அளவு இன்னும் ஏறியிருந்தது. உடம்பிலுள்ள ரத்தத்தையே எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க" என்றாள் தையலக்கா. "அந்துருண்டை போட்டு வெச்ச துணிங்க. ஏழு வருஷமா. அந்தப் போர்வையும் அதுதான்."

டாக்டரம்மா திட்டவில்லை. போர்வையையும் பையையும் பிளாஸ்டிக் சாக்கில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோகச் சொன்னார். குழந்தையின் ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு குறை இருந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கே ஆகாத அந்த ஆவி, இவன் மூக்கிலும் தோலிலும் ஏறி ரத்தத்தை உடைத்துவிட்டது.

பிள்ளை பிழைத்தான். மூன்றாம் மாதம் காது சோதித்தார்கள். தலைமாட்டில் மணியடித்தும் அவன் கண் சிமிட்டவில்லை. அளவுக்கு மேல் ஏறிய மஞ்சள் காது நரம்பைக் கெடுத்திருந்தது.

தையலக்கா தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தாள். "நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருந்தா?"

"அந்த ரெண்டு மணி நேரத்தால வந்ததா, அதுக்கு முந்தின ரெண்டு நாளால வந்ததான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

முடியாது என்ற அந்தச் சொல்லைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

உருண்டைகளை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் அடைத்து, ஆபத்தான குப்பை வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். சட்டைகளை நான்கு தடவை துவைத்தாள், நெடி போகவில்லை. அவற்றையும் கட்டி வீசினாள். பூச்சி மருந்து, வாசனை ஸ்ப்ரே, கழிவறை ஆசிட் எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. கடையில் பழைய குழந்தைத் துணியை யாராவது நீட்டினால் முதலில் முகர்ந்து பார்ப்பாள். "இதைப் போடாதீங்க" என்பாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், தையலக்காவுக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எட்டாம் மாதம் தம்பி மனைவி குழந்தையோடு கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் இவளிடம் பேசியது அன்றுதான் முதல்முறை.

"காது மிஷினைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுறான். அதத் தலையோட சேத்துக் கட்டுற மாதிரி ஒரு துணிப் பட்டி வேணும்."

தையலக்கா டேப்பை எடுத்தாள்.

"உருண்டை போட்டதுக்கு உங்க மேல கோவம் இல்ல அண்ணி. தெரியாம செஞ்சீங்க" என்றாள் தம்பி மனைவி. "டாக்டர் கேட்டப்ப என் பக்கத்துலதானே நின்னுட்டிருந்தீங்க."

தையலக்கா குழந்தையின் தலையைச் சுற்றி டேப்பை வைத்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அளவை இரண்டு முறை பார்த்தாள். கண் மறைத்ததால் மூன்றாவது முறையும் பார்த்தாள்.

"எப்ப வாங்கிக்கலாம்?"

"நாளைக்கு."

"அவரை அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு, தம்பி மனைவி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.