கோரைக்கு ஊற்றிய தண்ணீர்

வேர்க்கட்டி தொட்டியை விட்டு வர மறுத்தது. அவன் தொட்டியைச் சாய்த்து, விளிம்பில் ஒரு காலை ஊன்றி, கோரைத் தூரை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தான்.

"இழுக்காதீங்க மாப்பிள்ளை. தொட்டியை உருட்டுங்க. தானா கழண்டு வரும்" என்றார் அத்தை.

பின்கட்டு அறையின் கதவை ஒட்டிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் மூன்று தலையணைகளில் சாய்ந்து, திறந்த கதவு வழியே கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதையும் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. தொலைக்காட்சியை வைத்துத் தரட்டுமா என்று காலையில் கேட்டதற்கு, "அதுல என்ன புதுசா முளைச்சிருக்கப் போகுது?" என்றார்.

அத்தை பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாகவே காலமெல்லாம் பேசியவர் என்பதாலோ என்னவோ, வீட்டிலும் அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா, எப்பக் கிளம்பறீங்க. பதில் வந்ததும் அடுத்த ஆளைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோரைகளைப் பற்றி மட்டும்தான் நீளமாகப் பேசுவார். எல்லார் வீட்டிலும் பூச்செடி இருக்க, இங்கே கொல்லை முழுக்கக் கோரை. தண்ணீர்த் தொட்டியில் குடை விரித்து நிற்கும் உயரமானது, இலைக்கு வெள்ளைக் கரை கட்டியது, செம்பழுப்பு நிறத்தில் சரிந்து தொங்குவது. வருகிறவர்களெல்லாம் அந்தப் பழுப்பைப் பார்த்து, "ஐயோ, காஞ்சு போச்சே" என்பார்கள். "அதோட கலரே அதுதான்" என்று அத்தை சலிக்காமல் சொல்வார். கல்யாணமான புதிதில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதில் ஒன்றை அவன் பிடுங்கிப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் அவனுக்கு 'களையெடுப்பு மாப்பிள்ளை' என்று பேர்.

தொட்டியை உருட்டியதும் வேர்க்கட்டி பொதுக்கென்று வெளியே வந்தது. ரம்பத்தை வைத்து அறுத்தான். கோரையின் ஓரம் பட்டு விரல்களில் கோடு கோடாகக் கீறியது.

"நடுவுல கருப்பா இருக்கா?"

"ஆமா அத்தை. உளுத்துப் போயிருக்கு."

"அதைத் தூக்கிப் போட்டுடுங்க. ஓரத்துல இருக்கறதுக்குத்தான் உசிரு."

அவன் நிமிரவில்லை. நடுப்பாகத்தைத் தனியே எடுத்து வைத்தான்.

சிறுநீரகங்கள் இரண்டும் முன்பே கைவிட்டிருந்தன. இதயம் இனி டயாலிசிஸைத் தாங்காது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். 'வீட்டுல வெச்சுப் பார்த்துக்கங்க' என்று டாக்டர் சொன்னதற்கு என்ன பொருள் என்பது அவனுக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும். எத்தனை நாள் என்று டாக்டரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அலுவலகப் பயிற்சிக்கு வெளியூர் போகத் தயங்கியவளை, "போயிட்டு வா, நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று அத்தைதான் அனுப்பிவைத்தார். இன்று காலையே அவள் திரும்பியிருக்க வேண்டும். வழியில் சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டதில் அவள் வந்த ரயில் நடுக்காட்டில் நின்றுவிட்டது.

அறுத்த துண்டுகளில் ஒன்றைப் புதுத் தொட்டியில் வைத்து மண் போட்டு வாளியைக் கவிழ்த்தான். தண்ணீர் களகளவென்று இறங்கியது.

"இன்னொரு வாளி ஊத்துங்க. கோரைக்குத் தண்ணி கணக்கே கிடையாது."

ஊற்றினான்.

"எனக்கும் கொஞ்சம்" என்றார் அத்தை.

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தான். திரும்பினால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அத்தை இதுவரை அவனிடம் எதையும் கேட்டதில்லை. வேண்டியதை மகளிடம் சொல்வார், அவள் இவனிடம் சொல்வாள்.

அத்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான். அதற்கு மேல் போனால் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைத்துவிடும். கிளம்பும்போது மனைவி அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். "அம்மா கெஞ்சுவாங்க. இரக்கப்பட்டுக் கொடுத்துடாதீங்க."

"இன்னைக்கு பாட்டில் முடிஞ்சுடுச்சே அத்தை."

"நாளைக்கு உள்ளதுல கொஞ்சம் கொடுங்களேன்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரத்துணியால் அவர் உதட்டை ஒற்றினான். அத்தை துணியின் முனையை வாயால் கவ்விக்கொண்டார். விடவில்லை. மெல்ல இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்படி இழுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

கூடத்துக்குப் போய் மனைவியைப் போனில் அழைத்து, கொஞ்சம் கொடுக்கட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாங்க" என்றாள். "போன தடவை என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல? மூச்சுக்குத் திண்டாடினாங்க. நான் வந்துடறேன். நான் பக்கத்துல இருக்கறப்ப..." அதற்குமேல் குரல் விட்டு விட்டு வந்து நின்றுபோனது.

"என்ன சொல்றா?" என்றார் அத்தை, அவன் திரும்பி வந்ததும்.

"வந்துட்டே இருக்கா."

அத்தை கொல்லைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி. அந்த வெள்ளைக்கரைத் தொட்டியையும் பிரிச்சுடுங்க."

அவன் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே சிக்கி அலறுகிறவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, 'பயப்படாதீங்க, வந்துட்டேன், எதையும் தொடாதீங்க' என்று பேசிக்கொண்டே திறந்துவிடுவான். கையில் சாவி இருக்கும், எதை எங்கே திருப்ப வேண்டும் என்று தெரியும். இங்கே என்ன செய்வதென்று தெரியாததால் வெள்ளைக்கரைத் தொட்டியை உருட்டினான். ரம்பத்தை வைத்தான். அறுத்த துண்டுகளைச் சாக்கில் வரிசையாக வைத்துவிட்டு, "இதையும் ரெண்டா வைக்கலாமா, மூணாவா அத்தை?" என்று கேட்டான்.

திரும்பிப் பார்த்தான்.

அத்தையின் வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் தொண்டையில் எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. "அத்தை, அத்தை" என்று தோளைத் தொட்டான். கண்கள் திறந்து, அவனைத் தாண்டி எங்கேயோ போய் நின்றன.

போன் செய்ததும், வழக்கமாக வீட்டுக்கு வந்து அத்தையைப் பார்த்துப் போகும் நர்ஸ் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள், இமையை உயர்த்திப் பார்த்தாள். பிறகு அவனைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"சார், இனிமே கணக்கெல்லாம் பார்க்காதீங்க. என்ன கேக்கறாங்களோ கொடுங்க."

"தண்ணி கேட்டாங்க."

"கொடுத்துடுங்க."

"எவ்வளவு?"

"அதான் சொல்றேனே சார்."

அவன் டம்ளரை விளிம்பு வரை நிரப்பினான். எடுத்துக்கொண்டு ஓடியதில் பாதி வழியெல்லாம் சிந்தியது.

"அத்தை, தண்ணி. தண்ணி கொண்டாந்துட்டேன் பாருங்க."

ஸ்பூனால் ஊற்றினான். வாயில் நின்ற நீர் உள்ளே இறங்காமல் கடைவாய் வழியே வழிந்து, கழுத்துச் சுருக்கங்களில் புகுந்து தலையணைக்குப் போனது. மறுபடி ஊற்றினான். மறுபடி வழிந்தது. தலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விழுங்குங்க அத்தை, கொஞ்சம், கொஞ்சூண்டு" என்றான். மூன்றாவது ஸ்பூனுக்கு நர்ஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் சார். இறங்கல."

அதன்பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. இரண்டு மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. அடுத்த மூச்சுக்காக அவன் காத்திருந்தபோது நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் எதற்குக் கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்று அவனுக்கு உடனே புரியவில்லை.

மனைவிக்கு வெகுநேரம் கழித்துத்தான் லைன் கிடைத்தது. ரயில் கிளம்பிவிட்டதாகச் சொன்னாள்.

"அவசரப்படாம வா" என்றான்.

அந்தப் பக்கத்திலிருந்து ரயில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

சாயங்காலம் மாடிவீட்டுத் தையற்காரர் எங்கிருந்தோ நாற்காலிகளைக் கொண்டுவந்து கொல்லையில் போட்டார். சாக்கில் கிடந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே, "இந்தப் புல்லையெல்லாம் வாரிக் கொட்டிடவா தம்பி? நாலு பேரு வந்தா உட்காரணும்" என்றார்.

"அது புல்லு இல்லீங்க" என்றான் அவன். எதிர்பாராத அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. தையற்காரர் நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டார். அவன் துண்டுகளின் மேல் ஈரச்சாக்கை இழுத்து மூடினான். இனி யாரிடம் கேட்டு எப்படி நடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் மனைவி வந்தாள். தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே கட்டிலருகே போய் நின்றாள். அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். அழுவாள் என்று அவன் பக்கத்திலேயே நின்றான். அவள் அழவில்லை.

"அப்புறமும் தண்ணி கேட்டாங்களா?"

"ம்."

"கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்."

"முழுசும் குடிச்சாங்களா?"

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். "குடிச்சாங்க."

அவள் மூச்சை விட்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கொடுத்துடுங்கன்னு சொல்லத்தான் எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? நான் பாட்டுக்கு வேண்டாம்னுட்டேன். அப்புறம் லைனே கிடைக்கல. என் தொண்டைல ஒரு சொட்டு இறங்கலங்க, அப்போலேருந்து." அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "நல்லவேளை, நீங்களாவது கொடுத்தீங்க."

அவன் உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். இரண்டு கைகளாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே நாற்காலிகளை இழுத்துப் போட்டு யாரோ உட்கார்ந்தார்கள். தெருவில் ஒரு லாரி போனது. மடியிலிருந்த டம்ளரில் தண்ணீர் மெல்ல அதிர்ந்து அடங்கியது. அவள் அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.