சாமித் தட்டில் ரவுட்டர்

அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் பதினெட்டு வீட்டுக்கும் தெரியும். புருஷன் பெண்சாதி சண்டை வந்தால் பக்கத்து வீட்டார் தூங்க முடியாது. தள்ளி இருப்பவர்கள் காலையில் குழாயடியில் விசாரித்துக்கொள்வார்கள். சுவர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது கூரைத் தகரம் வரைக்கும் போகவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடத்தில் விஜயகலா தனக்கென்று மட்டும் ஒன்றை வைத்துக்கொள்ள நினைத்தாள். அதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்?

அவளுக்கு இருபத்தாறு வயது. உயர்தரம் படித்துவிட்டு நாலு வருஷம் சும்மா இருந்தவளுக்குக் கொழும்புக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்கிற வேலை கொடுத்தது. ஓன்லைனில் சாமான் வாங்கி ஏமாந்தவர்கள் போனில் தமிழில் ஏசுவார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, விவரத்தைக் கொம்பியூட்டரில் பதிய வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது மன்னிப்பு போகும். முதல் மூன்று மாதம் வேலையைப் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் மலை. அவள் அம்மா முப்பது வருஷம் அந்த மலையில் கொழுந்து பறித்து, கூனிய முதுகோடு போய்ச் சேர்ந்தவள். வேலை கைவிட்டால் அதே கூடைக் கயிறு தன் தலையில்தான் ஏறும் என்று விஜயகலாவுக்கு நன்றாகத் தெரியும்.

வேலைக்கு நெட் வேண்டும். லயமோ பள்ளத்தில் கிடக்கிறது. பலாங்கொடையிலிருந்து வருகிற பஸ் திரும்பும் தேயிலை ஸ்டோர் வளைவோடு போன் சிக்னல் நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்கினால் போன் வெறும் டோர்ச் லைட்தான். ஆகவே பலாங்கொடை டவுனில் பளீல் நானா கடைக்குப் போனாள். நானாவின் மகன் றிஸாத் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ரவுட்டர் ஒன்றைக் காட்டிவிட்டு, அவள் எந்தத் தோட்டம் என்று கேட்டதும் அதைத் திரும்ப உள்ளே வைத்தான்.

"இது ஒங்களுக்கு வாணாம் தங்கச்சி. பள்ளத்துல இது புடிக்காது. இத எடுங்க. பின்னுக்கு எண்டனா போடுற ரெண்டு ஓட்ட ஈக்குது. மூங்கில்ல கட்டிக் கூரைக்கு மேல தூக்கி உடுங்க, டவர் ஆம்புடும்."

விலை கூடத்தான். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. அப்பா நாகலிங்கம் மூங்கில் வெட்டி எண்டனாவைக் கூரைக்கு மேல் நட்டார். லயம் கட்டிய நாளிலிருந்து வராதது அன்றைக்கு வந்தது.

புதிதாக எது வந்தாலும் சாமிக்குக் காட்டாமல் அந்த வீட்டில் தொடமாட்டார்கள். சைக்கிளுக்கும் பொட்டு, கேஸ் அடுப்புக்கும் பொட்டு. நாகலிங்கம் ரவுட்டரைச் சாமித் தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் குழப்பம் வந்தது. கறுப்புப் பெட்டி, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி. எந்தப் பக்கத்துக்குப் பொட்டு வைப்பது?

"எழுத்து இருக்கிற பக்கந்தான்டி மூஞ்சி," என்று முடிவு கட்டினார்.

அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில்தான் எழுத்து இருந்தது. பெட்டியை நிமிர்த்தி, ஸ்டிக்கரை ஆட்களைப் பார்க்கத் திருப்பி, நான்கு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு, சூடம் காட்டினார். பிறகு போட்டோ எடுத்து ஒரு சொந்தம் விடாமல் அனுப்பினார். ஸ்டேட்டஸிலும் போட்டார். நான்கு பொட்டுக்கு நடுவில், சூடத்து வெளிச்சத்தில், ரவுட்டரின் பெயரும் பாஸ்வேர்டும் பளிச்சென்று தெரிந்தன. மனுஷன் கண்ணாடி போடாமல் பார்க்கிறவர். அவருக்கு அது மந்திர எழுத்து. லயத்துப் பிள்ளைகளுக்கு அப்படியில்லை.

ஒரு வாரத்தில் பதினெட்டு வீடும் அதில் தொங்கியது. ஒருத்தரும் களவாக எடுப்பதாக நினைக்கவில்லை. குழாய்த் தண்ணீரை யார் களவென்பார்கள்? விஜயகலாவும் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஒரு சந்தோஷம் கூட இருந்தது, முக்கியமாகப் பக்கத்து வீட்டு மூக்காயி அத்தையைப் பார்க்கும்போது. மூக்காயிக்கு ஒரே மகன் சுதாகரன். சவூதியில் லொறி ஓட்டுகிறான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் ஸ்டோர் வளைவுக்கு ஏறிப்போய், மழையில் நனைந்து நின்றுகொண்டு பேசுவாள். இப்போது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, கொதிக்கிற குழம்பை அவனுக்குக் காட்டி, "உப்பு போதுமாடா?" என்று கேட்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் விஜயகலாவுக்குச் சிரிப்பு வரும்.

சிரிப்பு இரண்டு மாதம்தான். பின்னேரமானால் ஒரு வீட்டில் சீரியல், ஒரு வீட்டில் கேம், ஒரு வீட்டில் பாட்டு. விஜயகலாவின் போன் கால் பாதியில் அறுந்து விழும். திரும்ப எடுத்தால் வாடிக்கையாளர் இரட்டிப்பாக ஏசுவார். கொழும்புக் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் நுஸ்கா மிஸ் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை, மேலே இருப்பவர்கள் கேட்பதை இவள் கேட்டாள்.

"விஜயகலா, இது மூணாவது வோர்னிங். உங்கட நெட்வேர்க்ல வேற ஆக்கள் இருக்கக் கூடாது என்டு எக்ரிமென்ட்ல இருக்கு. கஸ்டமர்ட டீடெய்ல்ஸ் எல்லாம் அதுலதானே போகுது? வெள்ளிக்கிழமைக்குள்ள, எத்தன டிவைஸ் கனெக்ட் ஆகியிருக்கு என்டு ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்புங்க. இல்லாட்டி எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

பார்த்தாள். முப்பத்தொரு போன்.

திங்கட்கிழமை லீவு எடுத்துக்கொண்டு றிஸாத்திடம் ஓடினாள். அவன் அப்பா எடுத்த சாமித் தட்டுப் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் சிரித்து முடித்தான். பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பேரை மாற்ற வேண்டும். உள்ளே போய் செட்டிங் திறக்கிற பாஸ்வேர்ட் வேறு. அதுவும் அந்த ஸ்டிக்கரில் இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். பிறந்த தேதி, சாமி பேர் எதுவும் கூடாது.

"பக்கத்து வீட்டு அத்தைக்கு மட்டும் குடுக்கணும் அண்ணே. மகன் வெளிநாட்டுல. ஆனா அவங்களுக்குச் சொன்னா லயத்துக்கே சொன்ன மாதிரி."

"அதுக்குத்தான் கெஸ்ட் எண்டு ஒண்டு ஈக்குது. அவங்களுக்கு வேற பேரு, வேற பாஸ்வேர்ட். ஒங்கட லிஸ்ட்ல வராது. அஞ்சு நிமிஷ வேல."

அன்று பின்னேரமே எல்லாவற்றையும் மாற்றினாள். கெஸ்ட் என்று எழுதியிருந்த பக்கத்தையும் திறந்தாள். றிஸாத் சொன்னது சரியாக இல்லாமல், அத்தையின் போனும் லிஸ்ட்டில் வந்துவிட்டால்? வெள்ளிக்கிழமை படம் போய்ச் சேரட்டும், ஞாயிறு ஆறுதலாகச் செய்யலாம் என்று மூடிவிட்டாள். ஐந்து நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூக்காயி வந்தாள். மலையில் மழைக்குப் போர்த்திய ஈரச் சாக்கோடு, பொலித்தீன் பையில் சுற்றிய போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விஜயா, இதுல விசிறி மாதிரி ஒண்ணு மேல நிக்குமே, அது வரல புள்ள."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூக்காயி சண்டை போடுகிறவள் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். ஆனால் லயத்தில், இருப்பதை இல்லை என்று சொல்லலாம், இருக்கிறது ஆனால் தரமாட்டேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆள் வராது.

"டவர் பழுது அத்தை. யாருக்குமே இல்ல. ரெண்டு நாள்ல வந்துரும்."

"நீ பேசுறது கேக்குதே?"

"அது கம்பெனி லைன். அது வேற."

மூக்காயி நம்பினாள். படித்த பிள்ளை சொல்கிறது.

"சுதா நேத்து காய்ச்சல்னு சொன்னான். ஸ்டோர் பக்கம் ஏறிப் பார்க்கவா?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூக்காயிக்கு முழங்கால் வீக்கம். விஜயகலாவுக்கு அப்போது உண்மையிலேயே பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில்தான் அதையும் சொன்னாள்.

"இந்த மழைல எதுக்கு ஏறுறீங்க? காய்ச்சல் எல்லாருக்கும் வர்றதுதானே. நாளைக்கு வந்துரும் அத்தை."

புதன்கிழமை ஒரு போன் கால் கூட அறுபடவில்லை. வியாழக்கிழமையும் அப்படியே. நுஸ்கா மிஸ் கைத்தட்டுகிற படம் ஒன்று அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்கிரீன்ஷொட் போனது: இரண்டே இரண்டு டிவைஸ், அவளுடைய கொம்பியூட்டரும் போனும். அப்பாவிடமும் டவர் பழுது என்றே சொல்லியிருந்தாள்.

பகல் மூன்று மணியிருக்கும். குருநாகலிலிருந்து ஒரு அம்மா, போர்வை கேட்டால் தலையணை உறை வந்திருக்கிறது என்று ஏசிக்கொண்டிருந்தாள். விஜயகலா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்து, "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொல்லும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. முதலில் அது மனுஷச் சத்தமாகவே தெரியவில்லை. மியூட்டை அமுக்கினாள். "ஹலோ? கேக்குதா?" என்று குருநாகல் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சுதாகரனோடு ஒரே அறையில் இருக்கும் கொடகவெல ஊர்ப் பையன் தன் வீட்டுக்குப் போன் பண்ணி, அவர்கள் தோட்ட ஆபீசுக்குப் போன் பண்ணி, கிளார்க் ஆள் அனுப்பியிருந்தார். காய்ச்சல் டெங்கு. மூன்று நாள் ஆஸ்பத்திரி. காலையில் முடிந்துவிட்டது.

விஜயகலா போனாள். போகாமல் இருக்க முடியுமா? வாசல் நிறைய ஆட்கள். மூக்காயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முந்தானை தோளில் இல்லை. யாரோ அஞ்சலிப் பேனர் அடிக்கப் போட்டோ கேட்டார்கள். நல்ல போட்டோ அவன் அம்மாவுக்கு அனுப்பியதில்தான் இருக்கும், கடைக்கு அனுப்ப நெட் வேண்டும் என்றார்கள். நாகலிங்கம் மூக்காயியின் போனை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"டவர் வந்துருச்சாடி? கொஞ்சம் போட்டுக் குடு."

எல்லாருக்கும் முன்னால் விஜயகலா புதிய பாஸ்வேர்டை அடித்தாள். இரண்டு தடவை பிழையாக அடித்தாள். மூன்றாவது தடவை விசிறி மேலே வந்து நின்றது.

அடுத்த நொடியே போன் துடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. எடுக்காமல் போன கால் பதினாலு. குரல் செய்தி மூன்று. மூக்காயி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அதை எப்படி அமுக்குவது என்று மகன்தான் பழக்கியிருந்தான்.

"அம்மா, எங்க போன? எடும்மா. காய்ச்சல் உடல. பயப்படாத, மருந்து போட்டேன்."

அவள் அடுத்ததை அமுக்கினாள்.

"ஆஸ்பத்திரில போட்டிருக்காங்கம்மா. ஒருக்கா எடு. ஒன் மூஞ்சியப் பாத்துட்டுப் படுத்துக்கிறேன்."

மூன்றாவதில் மூச்சுத்தான் அதிகம், சொல் குறைவு.

"வைபை இல்ல போல. விஜயாகிட்ட சொல்லும்மா. அந்தப் புள்ள பாத்துக் குடுக்கும்."

மூக்காயி போனை மடியில் வைத்தாள். அழுது அழுது வறண்ட கண்ணால் நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று விஜயகலா நினைத்தாள். தெரிந்தால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தாள். மூக்காயி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கொழுந்துக் கறை ஏறிய அந்த விரல் அவள் மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தது.

"நீ அழாத புள்ள. நீ என்ன பண்ணுவ? டவருதானே பழுது."

விஜயகலா வாயைத் திறந்தாள். ஒரு நாளைக்கு எழுபது தடவை, முகம் தெரியாத ஆட்களிடம், தான் செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்கிற வாய். அது திறந்தபடியே இருந்தது. ஒரு சொல் வெளியே வரவில்லை. பார்த்தவர்கள் பிள்ளை அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்றைக்கே வேலை நிரந்தரமாகி ஈமெயில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பிரேதம் எப்போது வரும் என்று ஆபீசில் கேட்டு வர நாகலிங்கம் போயிருந்தபோது, விஜயகலா கெஸ்ட் என்ற பக்கத்தைத் திறந்தாள். மூக்காயி அத்தைக்கு ஒரு பெயரும் ஒரு பாஸ்வேர்டும் போட்டாள். றிஸாத் சொன்னது சரிதான். அவளுடைய லிஸ்ட்டில் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.